4,29,49,67,297 (ஐந்தாம் ஃபெர்மா எண்)

4,29,49,67,297 என்பது 2³² + 1 என்னும் பத்து இலக்க முழு எண். பகா எண் போலவே தோற்றம் காட்டி, பெரிய கணித மேதை ஒருவரையே தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. பின்னர் 641 × 67,00,417 என்று பிரிந்தது.

பிரான்சின் தூலூஸ் நகரில் நீதித்துறை அலுவலராக இருந்த பியர் தெ ஃபெர்மா, 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், விடையோடு 1 கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65,537 ஆகியவை கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று 1640-இல் கணிதர் பிரெனிக்கிளுக்கு எழுதினார். முழு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் சொன்னார். அடுத்த எண்தான் 4,29,49,67,297. இந்த வரிசையில் வருபவையே ஃபெர்மா எண்கள்; 3-ஐ 0-ஆவது என்று வைத்து எண்ணுவதால் இது ஐந்தாவது.

1729 டிசம்பரில் கணிதர் கோல்ட்பாக் இந்தக் கூற்றைப் பற்றி இளைஞர் ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: இந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும். இதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும் என்பதைப் பிற்பாடு அவரே நிறுவினார். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை அகப்பட்டுவிடுகிறது.

வகுத்துப் பார்க்காமலும் இதைக் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இனி 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். அப்போது −2³²-இன் மீதி 1 ஆகும். அதாவது 2³² + 1 வகுபடும். எண் கோட்பாட்டில் இத்தனை சுருக்கமும் அழகும் கூடிய நிரூபணங்கள் அரிது.

ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அதில் 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் 4,29,49,67,297 பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ வைத்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு 32 தடவை வர்க்கப்படுத்தினால், மீதி 1 வராது, குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தத் தேற்றமும் ஃபெர்மாவுடையதே, அதே 1640-ஆம் ஆண்டுக்குரியதே.

முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால் 4,29,49,67,295 வரும்; அடுத்ததான 4,29,49,67,297-ஐவிட 2 குறைவு. 32 பிட்டுகளில் கணினி எழுதக்கூடிய மிகப்பெரிய குறியில்லா முழு எண்ணும் இதுவே. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையத்தக்கவை என்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில், இத்தனை பக்கங்கள் கொண்டதே மிகப்பெரியது. அதற்கு அடிப்படை காஸ் 1801-இல் வெளியிட்ட முடிவு.

அடுத்த ஃபெர்மா எண்ணை 1880-இல் கணிதர் லாந்திரி பிரித்தார்: 2,74,177 அதன் ஒரு காரணி. வரிசையில் ஐந்தாம் எண் முதல் முப்பத்திரண்டாம் எண் வரை அனைத்தும் பகு எண்கள் என்று இன்று தெரியும். 65,537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை.