வீட்டில் யாரும் விரிக்காத புத்தகம்

மனநல மருத்துவர் விக்ரம் படேலும் நண்பர்களும் 1996இல் கோவாவில் தொடங்கிய அமைப்பு ‘சங்கத்’. மருத்துவர் கிடைக்காத இடத்தில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே மனநல ஆலோசனை தர முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். அடுத்து டில்லி அரசுப் பாடசாலைகளுக்குப் போனார்கள். கோபம், அழுகை, சோர்வு என்று தவித்த வளரிளம் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். வீட்டில் வாசித்து, தாங்களாகவே தேறிவிடலாம் என்பது கணக்கு. பலரிடம் புத்தகம் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

படிப்புச் சுமையோடு அது இன்னுமொரு வீட்டுப்பாடமாகிப் போனது. புத்தகத்தை விட, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கும் ஒருவரைத்தான் பிள்ளைகள் தேடினார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் ஆள் எங்கே கிடைப்பார்?

விடைக்கான ஒரு துப்பு நியூசிலாந்தில் இருந்தது. ஓக்லாந்துப் பல்கலைக்கழக மருத்துவர் சாலி மெரியின் குழு, மாவோரி இனத்து வடிவமைப்பாளர் மாரு நிஹோநிஹோவின் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஸ்பார்க்ஸ்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கியிருந்தது. ஏழு மாகாணங்கள் கொண்ட கற்பனை உலகம். இருண்ட எண்ணங்கள் பூச்சிகளாகப் பறந்து வரும், பிள்ளை அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். 187 பேரிடம் நடத்திய சோதனையில் வழக்கமான சிகிச்சைக்கு அது சளைக்கவில்லை என்று 2012இல் தெரிந்தது. ஆனால் ‘சங்கத்’ சந்தித்த பிள்ளைகள் பலருக்குக் கணினி கிடக்கட்டும், சொந்தமாக ஒரு போன்கூட இல்லை!

‘சங்கத்’ அமைப்பின் பேட்டி கொன்சால்வெஸ் தலைமையிலான குழு பிள்ளைகளையே கூட்டி வைத்துக் கேட்டு, ‘பொட் அட்வெஞ்சர்ஸ்’ என்ற விளையாட்டை வடிவமைத்தது. இணையம் தேவையில்லை, போனைப் பாடசாலையிலேயே கொடுத்தார்கள். திரையில் ஒரு மாணவி சிநேகிதியோடு சண்டை போட்டுக்கொண்டு கலங்கி நிற்பாள். சிக்கல் எது, வழிகள் எவை, எதைச் செய்து பார்ப்பது என்று விளையாடுகிற பிள்ளை அவளுக்காக யோசிக்கும். பிறகு அதே மூன்று படிகளில் தன் சொந்தச் சிக்கலை எடுக்கும். அடுத்தவர் கதையில் தொடங்குவதால் வெட்கம் விலகிவிடுகிறது. இதன் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன். துணைக்கு ஓர் ஆலோசகரும் இருந்தார். கொரோனாவால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன.

அப்போது ஆலோசகரின் குரல் தொலைபேசி வழியே போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் இலங்கையின் ஊவா மாகாணத்தில், சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறை ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்ல நகரைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்ய, தொழிலாளர் லயத்தில் பாட்டியோடு வளரும் பிள்ளைகள் உண்டு. இணையம் கேட்காத விளையாட்டும், பயிற்சி பெற்ற தோட்டத்து இளைஞர் ஒருவரும் இவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். லயத்துக் கதைகளோடு தமிழில் அதைச் செய்ய மாகாணக் கல்வித் திணைக்களம் முன்வர வேண்டும். இப்போதைக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.