உயிர்விட்ட லேப்டாப்பும் இரண்டு ஸ்குரூவும்



போன திங்கட்கிழமை காலையில் என் லேப்டாப் கண் திறக்கவில்லை. 2012-இல் வாங்கியது. எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தைப் பற்றி நான் தட்டச்சு செய்த நாற்பது பக்கக் குறிப்பு அதற்குள்ளே இருந்தது. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பதையெல்லாம் பழைய நீர்க்கட்டி ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வேறு பிரதி இல்லை. "நோட்டில் ஏற்றி வை" என்று பிள்ளைகளிடம் வருஷக்கணக்காகச் சொன்ன வாத்தியாரின் லட்சணம் இது!

தெரிந்ததைச் செய்து பார்த்தேன். மல்டிமீட்டரில் சார்ஜர் 19 வோல்ட் காட்டியது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகினேன். ராமை வெளியே எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை.

இவ்வளவு தூரம் நானே கைவைக்க முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதற்கான தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றது. மின்சுற்றுப் படங்கள் அதில் இருந்தன. மெஷின் விழித்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் நிரலைக்கூட வரி வரியாக அச்சிட்டிருந்தார்கள். 1992-இல் வந்த அவர்களுடைய திங்க்பேட் லேப்டாப்புகளுக்கும் பாகம் பாகமாகக் கழற்றுவதற்குக் கையேடு இருந்தது. திறந்து பார்க்கத்தான் அன்றைக்குச் செய்தார்கள்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அந்த மெலிவுக்கு விலை என்னவென்றால், பேட்டரியைக் கழற்ற மூடி இல்லை. ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. 2012-இல் அதே ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் பேட்டரியைப் பசைபோட்டே ஒட்டிவிட்டார்கள். ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு 10-க்கு 1 மதிப்பெண் கொடுத்தது. பிற கம்பெனிகளும் மெதுவாக அதே பாதைக்கு வந்தன. கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மெலிசாக வேண்டும், கனமில்லாமல் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் நாம்தானே?

இப்போது காற்று கொஞ்சம் திரும்புகிறது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்பை விற்கும்போது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது. இணையதளம் இருக்கிறது, சட்டம் வந்தால்தான் எனக்குத் திருப்தி.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடைத்தம்பி திறந்து பார்த்துவிட்டு, "போர்டு ஷார்ட் ஆயிருச்சு சார். பழைய போர்டு ஒண்ணு தேடி மாத்தலாம், ஐயாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். நான் முதலில் கேட்டது குறிப்பைப் பற்றித்தான். "அது ஒண்ணுமில்ல சார்" என்று அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு சின்னப் பெட்டியில் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். நாற்பது பக்கமும் இருந்தது! "இப்ப வர்ற சில மாடல்ல இதையும் போர்டோட சேர்த்துப் பத்தவச்சிடுறாங்க. போர்டு போனா எல்லாம் போச்சு" என்றார்.

போர்டை மாற்றவில்லை. காசு மட்டும் காரணமில்லை. அதில் ஓடிய விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசரை ஏற்பதில்லை. லினக்ஸ் போடலாம் என்றார் தம்பி. பதின்மூன்று வயது மெஷினின் அடுத்த பாகம் எப்போது போகுமோ என்று எனக்குத் தயக்கம். ராமையும் டிஸ்க்கையும் கழற்றக்கூடிய, ஆபீஸில் ஓடிய பழைய லேப்டாப் ஒன்று பார்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குத்தான் கோபம், புதுசு வாங்கக் கூடாதா என்று.

குறிப்பை நேற்றே பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டாயிற்று, மூன்று பிரதி. ஒன்றை நீர்க்கட்டியின் மகன் வீட்டில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.