கட்டுச்சோறு கொண்ட கணிப்பொறி

நெடுவழி செல்வோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது நம்மவர் வழக்கம். பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்முள் பலருக்கு, முதற் பயணத்தின்போது அன்னை கட்டித் தந்த புளிச்சோற்றின் மணம் இன்றும் நினைவில் இருக்கும். வழியிலே எவர் கையையும் எதிர்பாராதிருக்க வேண்டும் என்பதே அந்தச் சோற்றின் பொருள். கணிப்பொறிக்கும் அத்தகைய கட்டுச்சோறு ஒன்றைக் கட்டித் தர மனிதர் பட்ட பாட்டை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

இதை எண்ண நேர்ந்த இடம் சாந்திபுரம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செல்லவேண்டிய ஊர் அது. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911-இல் வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலும் சில பகுதிகளைப் பிரித்தெடுத்து அமைத்த மாவட்டமாதலின், தமிழ் அங்கே வந்தேறிய மொழி அன்று. கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்பவருக்குத் தமிழில் விடை கிடைக்கும். அதை ஒருவரும் வியப்பாகக் கொள்வதில்லை. அங்கே எம் தமக்கையார் இல்லத்தில் சென்ற கோடையில் சில நாள் தங்கியிருந்தோம்.

தமக்கையின் மகன் பொறியியல் பயிலும் மாணவன். அவன் மேசைமேல் ஒரு சுற்றுப்பலகை கிடந்தது. 1976-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆப்பிள்-1 என்னும் கணிப்பொறியின் பிரதி அது; சில்லுகளை ஒவ்வொன்றாக ஈயப்பற்று வைத்துத் தானே இணைத்ததாகச் சொன்னான். பழைய பொறிக்கு எதற்குப் பிரதி என்று நாம் கேட்டோம். அசலை வாங்க இயலாது என்பதே விடை. ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த அப்பொறியில் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டன. அன்று 666 டாலர் 66 சென்டுக்கு விற்றது. 2014-இல் நியூயார்க் நகரத்து ஏலத்தில் ஒன்று 9 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஆகவே ஆர்வலர் பிரதிகளை நாடினர். வின்ஸ் பிரீல் என்பவர் 2003-இல் வெளியிட்ட பிரதி அவற்றுள் பெயர் பெற்றது.

அன்று 666 டாலர் கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? பச்சைநிறப் பலகை ஒன்று, அவ்வளவே. பெட்டியும் விசைப்பலகையும் திரையும் மின்மாற்றிகளும் வாங்கியவர் பொறுப்பு. பலகையோ நான்கு வகை மின்னழுத்தம் கேட்கும்: கூட்டல் 5 வோல்ட், கழித்தல் 5, கூட்டல் 12, கழித்தல் 12. இத்தனை வேண்டுதல் உடைய ஒரு பொருளைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்துச் செல்வது எங்ஙனம்? பிரீலின் பிரதியோ 5 வோல்ட் ஒன்றோடு நிறைவுகொள்ளும். இந்தச் சிறு மாறுதலே எம் மருகனின் முயற்சிக்கு வாயில் திறந்தது.

முயற்சிக்குக் காரணமும் உண்டு. ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு நிரலை எழுத்தெழுத்தாகத் தட்டி முடிக்கும் வேளையில், கோடை மழை இடியோடு வந்தது, மின்சாரம் நின்றது. அத்தகைய பொறியின் நினைவகம் மின்சாரம் உள்ளவரையே நினைவு வைத்திருக்கும். தட்டியது யாவும் போயிற்று. மறுநாளே, “மாமா, இதைத் தன் காலில் நிற்கும் பெட்டியாக்கப் போகிறேன்” என்றான்.

பெட்டி வீட்டிலேயே இருந்தது. அவன் பாட்டனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்த காலத்துத் தகரப் பெட்டி அது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, பாட்டனாரும் மறைந்தார், பெட்டி பரண்மேல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளத் தமக்கையார் இசைந்தார்; ஆனால் ஒரு துளையும் போடலாகாது என்றார். காற்றுக்குத் துளை இல்லை, கம்பிக்குத் துளை இல்லை என்றால் பொறியாளன் என் செய்வான்? தாயும் மகனும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நாம் எவர் பக்கமும் சாயாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம்.

இனி அவன் கண்ட இடையூற்றைக் கேளுங்கள். மோட்டார் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துகையில் பார்ப்பதற்கென்று விற்கும் சிறு திரையை வாங்கி வந்தான். அதற்கு 12 வோல்ட் வேண்டும், பலகைக்கு 5. ஆகவே 12 வோல்ட் மின்கலம் ஒன்றை வைத்து, பலகைக்குச் செல்வதை 5-ஆகக் குறைக்க வேண்டும். பழைய முறை அழுத்தச் சீராக்கி எஞ்சிய 7 வோல்ட்டை வெப்பமாக்கி விட்டுவிடும். பன்னிரண்டு பங்கு உண்டால் ஏழு பங்கு வீண். மூடிய தகரப் பெட்டிக்குள் அந்த வெப்பம் எங்கே போகும்? துளையும் கூடாதென்பது தாயின் ஆணை. எனவே மின்னோட்டத்தை விரைந்து திறந்து மூடி அழுத்தத்தைக் குறைக்கும் புதுமுறை மாற்றியைப் பூட்டினான். சூடு பெரும்பாலும் ஒழிந்தது. எல்லாவற்றையும் மரப்பலகை ஒன்றில் திருகி, அப்பலகையைப் பெட்டிக்குள் இறக்கினான். தகரத்தில் பட்டு மின்சுற்று குறுகிப்போகாமலும் மரம் காத்தது. தாயின் பிடிவாதத்தால் மகனின் வேலை செம்மையுற்றது என்பது எம் கருத்து; அவனிடம் சொல்லவில்லை.

திரை, விசைப்பலகை, பொறி யாவும் ஒரே பெட்டியில் அடங்கியதைக் கண்டபோது, அத்தகைய பெட்டியை முதன்முதல் வணிகமுறையில் பெருவாரியாக விற்றவர் நினைவுக்கு வந்தார். எம் தமக்கையார் ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்துக்குச் சென்றுவரும் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் அவர் என்றால், அவ்வீட்டார் நம்பவில்லை. ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். தாய் லூசியா போலந்து நாட்டவர். இரமண மகரிஷியை அடைந்த அக்குடும்பத்தின் பிள்ளை திருவண்ணாமலையில் தமிழ் பேசி வளர்ந்தான். தந்தையார் 1964-இல் இரமணாசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். மகனோ இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவில் வேதிப்பொறியியலில் முனைவராகி, கணிப்பொறி நூல்கள் எழுதிப் பொருளீட்டினார்.

அவர் கேட்டுக்கொண்டபடி லீ ஃபெல்சென்ஸ்டைன் வடிவமைத்த ஆஸ்பர்ன்-1, 1981 ஏப்ரலில் வெளிவந்தது. விலை 1,795 டாலர். எடை ஏறத்தாழ 11 கிலோ. விமான இருக்கையின் அடியில் தள்ளிவைக்கலாம். திரை 5 அங்குலம். ‘போர்ட்டபிள்’ என்று விளம்பரம் செய்தார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லை ‘எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது’ என்று எழுதத் தயங்குவோம். 11 கிலோவைத் தூக்கிப் பார்த்தவர் நம்மை மன்னியார். இருப்பினும் மாதம் பத்தாயிரம் விற்ற காலமும் உண்டு.

ஆனால் அதில் மின்கலம் இல்லை. எங்குச் சென்றாலும் சுவரைத் தேட வேண்டும். படக்குழாயும் அக்காலச் சில்லுகளும் மின்சாரத்தை அள்ளி உண்டன. 1982-இல் விற்பனைக்கு வந்த எப்சன் எச்.எக்ஸ்.-20, திரவப்படிகத் திரையும் சிறிதுண்ணும் ‘சீமாஸ்’ வகைச் சில்லுகளும் கொண்டு தன் மின்கலத்தில் ஓடியது. 1983-இல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100, கடையில் கிடைக்கும் நான்கு சிறு மின்கலங்களைக் கொண்டு 20 மணி நேரம் அளவுக்கு உழைத்தது. திரையில் எட்டு வரிகள் தெரியும். கட்டுச்சோறு கிடைத்தது இவற்றுக்கே. அதே 1983-இன் செப்டம்பரில் ஆஸ்பர்னின் நிறுவனம் நொடித்தது. வரப்போகும் புதுப்பொறியைப் பற்றி முன்கூட்டியே பேசிப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொண்டார் என்பர். 9 அங்குலத் திரையோடு வந்த கேப்ரோவின் போட்டியும் சிறிதன்று. நோயுற்ற ஆஸ்பர்ன் 1992-இல் இந்தியா திரும்பினார். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

சாந்திபுரத்துக்கு அருகிலுள்ள பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழக ஆசிரியர் சிலர் முன்னின்று ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கப் பொறியை 2001-இல் காட்டினர். மூன்று சிறு மின்கலங்களில் அது இயங்கியது. எளிய மக்களுக்கென எண்ணிய பொறி. ஆனால் பெருவாரியாகப் பரவவில்லை.

நாம் புறப்படுவதற்கு முன்னிரவு மீண்டும் மின்சாரம் நின்றது. மருகன் பெட்டியைத் திறந்தான். கூடத்தில் வெளிச்சம் அது ஒன்றே. “இதில் தமிழ் வருமா?” என்றார் தமக்கையார். வராது, ஆங்கிலப் பேரெழுத்துகளும் எண்களும் சில குறிகளும் தவிர அப்பொறி ஒன்றும் அறியாது. “ஆனால் தாத்தா பெயரை எழுதிக் காட்டுகிறேன்” என்று தட்டினான். தமக்கையார் உற்றுப் பார்த்து, சுரங்கத்துச் சம்பளப் புத்தகத்தில் அப்பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு என்றார். ஆப்பிள்-1 திரையில் எழுதியதை அழித்துத் திருத்தும் வசதி கிடையாது. பிழையான வரி மேலே நிற்க, அதன்கீழ்ச் சரியானதை அவன் மறுபடி தட்டினான்.