மெய்நிகர் உலகில் நமது அந்தரங்கம்

கணினி உருவாக்கும் முப்பரிமாண உலகுக்குள் நாமே நிற்பது போன்ற உணர்வைத் தருவதே மெய்நிகர் யதார்த்தத் தொழிநுட்பமாகும். இதற்கான தலையணி கருவியொன்றை 1968 இல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் உருவாக்கினார். பாரம் காரணமாக அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2014 இல் ஒக்குலஸ் நிறுவனத்தை பேஸ்புக் சுமார் இரண்டு பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2016 இல் அதன் தலையணி வீட்டுப் பாவனைக்கு விற்பனைக்கு வந்தது.

இதன் நன்மை பெரிது. தவறினால் உயிராபத்து நேரும் வேலைகளை ஆபத்தின்றிப் பழகலாம். சத்திரசிகிச்சை, தீயணைப்பு, விமானம் ஓட்டுதல் என்பன அவ்வாறே பழக்கப்படுகின்றன. நாளை ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையின் மாணவரும் இரசாயனப் பரிசோதனை செய்து பார்க்கலாம். கடல் கடந்து உழைக்கும் தந்தை, பிள்ளைகளுடன் ஒரே அறையில் அமர்ந்திருப்பது போல் உரையாடலாம்.

ஆனால் நாம் திரும்பும் திசைக்கேற்பக் காட்சியை மாற்ற, அக்கருவி நமது தலை, கை அசைவுகளை ஒவ்வொரு விநாடியும் பலமுறை அளக்கிறது. 2023 இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வொன்றில், 50,000 இற்கும் அதிகமான பாவனையாளர்களிடையே ஒருவரை 100 விநாடி அசைவுகளைக் கொண்டே 94 வீதத் துல்லியத்துடன் இனங்காண முடிந்தது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். உடலசைவை மாற்ற முடியுமா?

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. எனினும், பிள்ளையின் தலையில் இக்கருவியை அணிவிக்கும் முன், அது திரட்டும் தரவு யாரிடம் போகிறது என்று கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும் பாடசாலைகளுமே.