எல்லோரும் உட்கார ஓர் ஆட்டம்

பொங்கலுக்கோ ஆடி நோம்பிக்கோ ஒறம்பரை கூடிய வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் ஒதுங்கியதும் ஒரு கேள்வி எழும்: என்ன ஆடலாம்? சங்ககிரிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இது லாரிகளின் ஊர். வண்டி ஏறியவர் வடக்கே போய்த் திரும்ப வாரங்கள் ஆகும். சுற்றியுள்ள எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு எல்லாம் விசைத்தறி ஊர்கள். அங்கே வேலை ஷிப்டுக் கணக்கில் ஓடுகிறது. ஒரு குடும்பம் முழுதாக ஓரிடத்தில் உட்காரும் பொழுது வருஷத்தில் சில நாட்கள்தான். எழுபது வயதுப் பாட்டியும், கல்லூரியில் படிக்கும் பேரனும், இன்னும் எண்ணத் தெரியாத கொள்ளுப்பேத்தியும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும் என்றால் எந்த ஆட்டம் பொருந்தும்? இந்தப் பகுதியின் பழைய குடும்ப ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இதற்கான விடை அவற்றின் விதிகளுக்குள்ளேயே கிடைக்கிறது. கூட்டத்துக்கு என்று எடுத்த ஆட்டங்களில் எல்லாம் நம் முன்னோர் திறமையைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்து, அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தெரிந்தே செய்த தேர்வு அது என்பது என் வாதம்.

தெரிந்தே என்று சொல்லக் காரணம், மூளைக்கு வேலை தரும் ஆட்டங்கள் அவர்களிடம் இல்லாமல் இல்லை. ஆடுபுலி ஆட்டம் அப்படிப்பட்டது. மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் இருபத்து மூன்று புள்ளிகள். உருட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. புலி தாண்டி வெட்டப் பார்க்கும், ஆடுகள் சேர்ந்து நின்று புலியை அடைக்கப் பார்க்கும். இரண்டு தரப்புக்கும் பலமும் வேறு, இலக்கும் வேறு. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் இதன் கட்டங்கள் செதுக்கப்பட்டுக் கிடப்பதை இன்றும் காணலாம். பல்லாங்குழியும் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாத ஆட்டம்தான். இரண்டு வரிசையாகப் பதினான்கு குழி. புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ போட்டு ஆடுவது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே எண்ணத் தெரிந்தவர் ஜெயிப்பார். கர்நாடகத்தின் அளகுளி மணெ, இலங்கைச் சிங்களவரின் ஒலிந்த கெலிய, மலாய் மக்களின் சொங்காக், ஆப்பிரிக்கா நெடுகிலும் உள்ள குழி ஆட்டங்கள் எல்லாம் இதன் உறவுகள். ஆனால் இரண்டு ஆட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆடுவோர் இருவர், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் இடையே உள்ள தூரம் முதல் ஆட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே ஆடுபுலி ஓய்ந்த பொழுதில் இருவர் சேரும் இடத்துக்குப் போயிற்று. பல்லாங்குழி பெண்கள் இருவர் எதிரெதிரே உட்காரும் நேரத்துக்கு, குறிப்பாகப் பூப்பெய்திய பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களுக்குத் துணையாயிற்று. கூடம் நிறைந்த கூட்டத்துக்கு இவை எடுக்கப்படவில்லை.

கூட்டத்துக்கு எடுத்தது தாயம். வழக்கமான பித்தளைத் தாயக்கட்டையில் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டையைச் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது ஒரு கட்டையில் ஒன்றும் மறு கட்டையில் வெறுமையும், இரண்டே விதம். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அது விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று கணக்கு சொல்கிறது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளை முதல் உருட்டலிலேயே உள்ளே போய்விடக்கூடும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். இந்த நான்கும் சேர்ந்து பதினாறில் ஆறு விதம். எனவே ஒருவர் கை ஓடத் தொடங்கினால் ஆட்டம் சட்டென்று திரும்பும். அதற்காக மூளைக்கு வேலையே இல்லை என்று ஆகாது. எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எப்போது மலை எனும் பாதுகாப்புக் கட்டத்தில் ஏறிப் பத்திரமாக நிற்பது என்பதெல்லாம் ஆடுபவர் கையில். எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகக் கூடாது, பழம் எடுக்க முடியாது என்ற விதி பயந்து ஒதுங்கி ஆடுபவரையும் இழுத்து நடுவில் விடுகிறது. அனுபவசாலிக்கு நீண்ட ஓட்டத்தில் கொஞ்சம் மேல்கை, ஒரு மத்தியானத்தில் யாருக்கு வேண்டுமானாலும் வெற்றி. இந்த அளவு தற்செயலாக அமைந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஆடி, அலுத்தவர்களையும் அழுதவர்களையும் பார்த்துப் பார்த்துத் திருத்திய அளவு.

செலவும் இல்லை. பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்தால் அதுவே பகடை. கரியிலோ சாக்பீஸிலோ தரையில் கட்டம்; உடைந்த வளையல், வேப்பங்கொட்டை, சிறு கல் ஆகியவை காய்கள். இத்தகைய காய்களின் பழமையும் சிறிதல்ல. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. அங்கே எந்த விதியில் ஆடினார்கள் என்று அந்தப் பொருள்கள் சொல்லா. உருட்டி ஆடுவதில் தமிழர் கொண்ட ஈடுபாட்டை மட்டும் அவை உறுதியாகச் சொல்கின்றன.

பரமபதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் தேர்வு என்பதே இல்லை. விழுந்த எண் எங்கே கொண்டு போகிறதோ அங்கே. ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். மார்கழியின் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டும், விடியற்காலையில் நாமக்கல் அரங்கநாதர் கோயிலிலோ சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயிலிலோ சொர்க்கவாசல் பார்க்க வேண்டும் என்று இருந்த குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு இல்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நடுச்சாமத்தில், பட்டினி கிடக்கும் உடம்போடு, யோசித்து ஆடும் ஆட்டத்தை யார் ஆடுவது? ஏற்றமும் இறக்கமும் தன் கையில் இல்லை என்ற சமயக் கருத்தும் அந்த விதிக்குள் இருந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இந்திய ஆட்டம்தான் 1890களில் இங்கிலாந்துக்குப் போய் நூறு கட்டத்துப் பாம்பும் ஏணியுமாகக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஆயிற்று. தாயத்தின் உறவான பச்சீசியும் அங்கே 1896இல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. நம் கூடத்தில் ஆடியவை கடல் தாண்டியும் குடும்ப ஆட்டங்களாகவே நிலைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உருட்டுகிற ஆட்டங்களோடு இந்த ஏற்பாடு நின்றுவிடவில்லை. உறியடியில் ஆடுபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். வழுக்குமரத்தில் எண்ணெய் தடவுகிறார்கள். பலசாலியின் பலத்தை முதலிலேயே பாதி பறித்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்குகிறது. கல்யாண வீட்டு நலங்கில் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவச் சொல்வதிலும் படிப்புக்கோ உடல் வலுவுக்கோ வேலை இல்லை. இரண்டு வீட்டாரும் கூச்சம் விட்டுச் சிரிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் அங்கே போட்டி இருக்கிறது. பிள்ளைகள் விளையாடக் கட்சி பிரிக்கும் முறையையும் பாருங்கள். ஏறக்குறைய சமமான திறமை உள்ள இருவர் ஜோடியாகத் தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். எந்தப் பெயர் வேண்டும் என்று ஒரு கட்சித் தலைவனிடம் கேட்பார்கள். அவன் கேட்ட பெயருக்கு உரியவன் அவன் பக்கம். இந்த உத்தி பிரிக்கும் வழக்கத்தில் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் ஒருவனே அள்ளிக்கொள்ளவும் முடியாது, கடைசிவரை யாரும் கேட்காமல் ஒரு பிள்ளை நிற்கவும் நேராது. இதற்கும் சேராத சிறிய பிள்ளைக்கு ஒப்புக்குச் சப்பாணி என்ற இடம். அந்தப் பெயர் இன்று காதில் உறுத்துகிறது, மாற்ற வேண்டியதுதான். வழக்கத்தைக் கைவிடக் கூடாது. அவுட் ஆனாலும் வெளியேறாமல் எல்லாரோடும் ஓடிக்கொண்டிருக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு அதனால் கிடைத்தது.

அதிர்ஷ்டத்துக்கு இடம் விடுவது சூதாட்டத்துக்குக் கதவு திறப்பது அல்லவா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நம் மண்ணே உரக்கக் கேட்டிருக்கிறது. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சேலம் பகுதித் தெருக்கூத்துக் குழுக்கள் பகடை துகில் என்ற பாரதக் கூத்தை விடிய விடிய ஆடி, ஒரு பகடை ஆட்டம் ஒரு குலத்தையே சபை நடுவே நிறுத்திய கதையை ஊர் ஊராகச் சொல்லி வந்திருக்கின்றன. வீட்டில் தாயக்கட்டை உருட்டினால் ஆகாது என்று கண்டிக்கும் பெரியவர்களும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தருமனைக் கெடுத்தது பகடை மட்டும் அல்ல, அதன் எதிரே வைத்த பணயம். வீட்டுத் தாயத்தில் பணயம் என்று ஒன்றும் இல்லை. தோற்றவர் இழப்பது நாலு வேப்பங்கொட்டையின் பயணம். சட்டம் நெடுங்காலம் வேறு இடத்தில் கோடு போட்டிருந்தது: திறமை மிகுந்ததா, அதிர்ஷ்டம் மிகுந்ததா என்று அது கேட்டது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960களில் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழலில் இணைய ரம்மி வளர்ந்து, குடும்பங்கள் கடனில் மூழ்கியதைப் பார்த்துத் தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மட்டும் விலக்கியது. திறமை ஆட்டம் என்ற பெயர் ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. முழுக்க அதிர்ஷ்டமான பரமபதம் ஒரு வீட்டையும் கெடுக்கவில்லை. பிரிக்க வேண்டிய கோடு பணம்தான் என்பதை நம் கூடங்கள் நீதிமன்றங்களைவிடத் தெளிவாக அறிந்திருந்தன.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. எல்லோரும் உட்கார்ந்த ஆட்டம் என்கிறீர்களே, யார் அந்த எல்லோரும்? திண்ணையில் ஆண்கள், உள்கூடத்தில் பெண்கள் என்று பிரிந்திருந்த வீடுகள் பல. ஊர்த் திண்ணையும் கோயில் மண்டபமும் ஒரு பகுதி மக்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தன. இதை மறைத்துவிட்டுப் பழைய ஆட்டங்களைப் புகழ்வது பொய்யாகும். விதிகள் தந்த சமத்துவம் வாசற்படிக்கு உள்ளேதான் செல்லுபடியாயிற்று. இருந்தாலும், தரையும் கரித்துண்டும் புளியங்கொட்டையும் எல்லாத் தெருவிலும் இருந்தன. தாயம் எந்தத் தெருவுக்கும் சொந்தமாக இருக்க முடிந்தது. வயது வேற்றுமையையும் திறமை வேற்றுமையையும் அந்த ஆட்டம் கரைத்தது. மற்ற வேற்றுமைகளைக் கரைக்கும் வேலை ஆட்டத்தால் ஆகக்கூடியதல்ல. ஆனால் நண்பர்களையும் சேர்த்து அழைக்கும் இன்றைய வீட்டில், யாரும் யாருடனும் உட்காரலாம் என்ற நிலையில், அதே விதிகள் தம் முழு வேலையையும் செய்யும்.

பிள்ளைகளின் அறிவு வளர வேண்டும், நேரத்தை உருட்டலில் கழிக்கலாமா என்பாரும் உண்டு. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் மதிப்பெண்ணுக்காகவே பேர்பெற்ற விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே எழும் கேள்வி இது. 44வது செஸ் ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்தில் நடந்தது நமக்கெல்லாம் பெருமை. கேரமில் மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் வென்றதும் அப்படியே. சதுரங்கத்தை, கேரமை வார நாட்களில் தினமும் ஆடட்டும். வருஷம் முழுக்கத் தரவரிசையில் நிற்கும் பிள்ளையை நோம்பி நாளிலும் ஒரு தரவரிசையில் நிறுத்துவது கொடுமை என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவனும் அவன் அத்தையும் ஒரே தாயத்துக்காகக் காத்திருக்கலாம்.

2020இல் ஊரடங்கில் வீடடங்கியபோது இந்தியா முழுவதும் கைப்பேசியில் லூடோ பரவியது. உருட்டி ஆடும் ஆட்டத்துக்கான பசி தீரவில்லை என்பதற்கு அது சான்று. அங்கே விதியை நிரல் வைத்திருக்கிறது. அழுகுணி ஆட்டம் ஆட முடியாது, சண்டையும் வராது. தரையில் வரைந்த தாயத்துக்கு அப்படி ஒரே விதி கிடையாது. தாயம் விழுந்தால்தான் இறங்க வேண்டுமா, ஐந்துக்கும் இறங்கலாமா. மூன்று தடவை தொடர்ந்து அதே எண் விழுந்தால் செல்லுமா, செல்லாதா. மலையில் நிற்கும் காயோடு எதிராளியின் காய் சேர்ந்து நிற்கலாமா. வீட்டுக்கு வீடு வேறுபடும். எடப்பாடியில் பெண் எடுத்த சங்ககிரிக் குடும்பத்தில் இரண்டு ஊர் விதியும் ஒரே கட்டத்தில் மோதும். அதனால் கட்டம் வரைந்து முடித்த பிறகும் கட்டையை யாரும் கையில் எடுப்பதில்லை. சம்பந்திகள் முதலில் பேசி முடிக்க வேண்டும், பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் மூத்த பெண்மணி சொல்வதே முடிவு.