அறிவுசார் குறைபாடுடையோருக்கான அன்றாடத் திறன் பயிற்சி

உண்பது, உடுத்துவது, குளிப்பது, கடைக்குப் போய் வருவது போன்ற வேலைகளை அறிவுசார் குறைபாடுடையவர்கள் பிறர் துணையின்றிச் செய்யப் பழக்கும் கல்விமுறை இது. மற்றக் குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் பலவற்றை இவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70க்குக் கீழே இருப்பது மட்டும் அறிவுசார் குறைபாடு ஆகிவிடாது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனிலும் குறை இருக்க வேண்டும், இரண்டும் வளரும் பருவத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். இது மனநோய் அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் இன்னும் போகவில்லை. மருந்தால் மாறுவதில்லை என்பதால் பயிற்சிதான் முக்கிய வழி.

இத்துறையின் தொடக்கம் பிரான்சில். ஆவேரோன் பகுதிக் காடுகளில் தனியே திரிந்து, 1800இல் ஊருக்குள் வந்த சிறுவன் ஒருவனுக்கு ழான் இட்டார் என்ற மருத்துவர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பாடம் சொன்னார். விக்டர் எனப் பெயரிடப்பட்ட அவனுக்குப் பேச்சு வரவில்லை. சில எழுத்துச் சொற்களைப் புரிந்துகொள்ளும் அளவோடு முயற்சி நின்றது. இட்டார் இதைத் தோல்வியென்று கருதினார். அவருடைய மாணவர் எடுவார் செகேன் அப்படிக் கருதவில்லை. உடலையும் புலன்களையும் முதலில் பழக்கி, பிறகு எண்ணத்துக்குப் போவது என்ற முறையை அவர் வகுத்து, 1850 வாக்கில் அமெரிக்கா சென்று அங்கும் பரப்பினார். மரியா மாண்டிசோரி பின்னாளில் தம் கல்விமுறைக்கு இவ்விருவர் எழுத்துகளிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் உருவான முக்கியமான கருவி, பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் அமைத்த மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். இதில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள். உடல் அசைவு, உணவு, உடை, கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றோடு மொழி, எண், நேரம், பணம், வீட்டுவேலை, தொழில் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு பிரிவும் எளியதில் தொடங்கிக் கடினமானதில் முடியும். ஒருவர் எதைச் செய்கிறார், எதை இன்னும் செய்யவில்லை என்று குறித்தால், அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். நுண்ணறிவு ஈவு ஒரே ஓர் எண்ணைத் தருவதோடு நின்றுவிடும். ஆசிரியருக்கு அந்த எண்ணால் பெரிய பயனில்லை.

கற்பிப்பதன் அடிப்படை, ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரிப்பது. ‘சோறு சாப்பிடு’ என்பது பெரியவருக்கு ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் கை கழுவுதல், குழம்பைச் சோற்றில் கலத்தல், பிசைதல், விரல்நுனியில் கவளமாகச் சேர்த்தல், சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோதல் என நீளும். கரண்டியை வைத்து எழுதப்பட்ட மேல்நாட்டுப் படிவரிசை இங்கே உதவாது. நம் ஆசிரியர்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். குழந்தை தடுமாறும் படி எதுவோ, அதை மேலும் இரண்டாக உடைப்பார்கள்.

படிகளைப் பின்னாலிருந்து கற்பிப்பதும் உண்டு. கால்சட்டை போடப் பழக்கும்போது முழங்கால்வரை ஆசிரியரே ஏற்றிவிட்டு, இடுப்புவரை இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுவார். அது கைவந்தபின் கணுக்காலில் நிறுத்துவார். வேலையை முடித்த நிறைவு ஒவ்வொரு முறையும் குழந்தைக்கே கிடைப்பதுதான் இதன் பலம்.

உதவி செய்வதைவிட அதை விலக்கிக்கொள்வதற்கே அதிகத் திறமை வேண்டும். முதலில் கைபிடித்துச் செய்வித்தல், பிறகு முழங்கையை லேசாகத் தொடுதல், சைகை, வாய்ச்சொல், கடைசியில் வெறுமனே காத்திருத்தல் என்று உதவி படிப்படியாகக் குறைய வேண்டும். நேரமில்லாத வீட்டில், பத்து நிமிடம் பிடிக்கும் பொத்தான் வேலையை அம்மா அரை நிமிடத்தில் முடித்துவிடுவது இயல்பே. ஆனால் அப்படியே ஆண்டுகள் ஓடினால், கற்றிருக்கக்கூடிய பிள்ளையும் இருபது வயதில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேரிடும்.

ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பயன்படுத்துவது இவர்களுக்குக் கடினம். வகுப்பில் அட்டை ரூபாய் நோட்டை எண்ணத் தெரிந்தவர் மளிகைக் கடையில் திகைக்கலாம். ஆகவே பணத்தைக் கடையிலும், பேருந்து எண்ணைப் பேருந்து நிறுத்தத்திலும், சமையலை வீட்டு அடுப்பிலும் கற்பிப்பதே சரி.

தொழில் பயிற்சிக்கும் இந்த முறைகள் பொருந்தும். அமெரிக்கரான மார்க் கோல்டு 1970களில், கடும் குறைபாடுள்ளவர் என ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்பித்தார். கிட்டத்தட்ட அனைவரும் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் கற்கவில்லையென்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பயிற்சி முடித்து வேலைக்கு அனுப்பும் பழைய வரிசையை மாற்றி, வேலையில் சேர்த்து அங்கேயே துணையாளர் ஒருவர் பயிற்சி தரும் முறையும் பின்னர் பல நாடுகளில் வந்தது.

இந்தியாவில் 1984இல் செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கெனத் தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயது கடந்தவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க மாவட்ட அளவில் குழுக்களை ஏற்படுத்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியதுடன் அரசு வேலை இட ஒதுக்கீட்டிலும் இவர்களைச் சேர்த்தது. அச்சட்டத்தின் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையில், பாதுகாவலர் தாமாக முடிவெடுத்துவிட முடியாது. சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். எந்தச் சட்டையை உடுத்துவது என்றுகூடக் கேட்கப்படாமல் வளர்ந்தவர் அந்த முடிவில் பங்கெடுக்க இயலாது என்பதால், தேர்வு செய்யப் பழக்குவதும் இன்று சிறப்புப் பள்ளிகளின் பாடத்தில் சேர்ந்துவருகிறது.