ஸ்பீக்கர், லைட் உள்ள சைக்கிள் ஹெல்மெட்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

சைக்கிளில் ஆபீஸ் போகிறீர்களா? ஸ்மார்ட் ஹெல்மெட்டில் முதலில் பார்க்க வேண்டியது புளூடூத் அல்ல, பாதுகாப்புச் சான்று. இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி இருக்கணும். ஐஎஸ் 4151 என்ற ஐஎஸ்ஐ முத்திரை பைக் ஹெல்மெட்டுக்கானது.

ஆடியோ: ஸ்பீக்கர் காதை அடைக்கக் கூடாது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கணும்.

லைட்: தலை திரும்பினால் ஹெல்மெட் லைட்டும் திரும்பிவிடும். அதனால் சைக்கிளின் பின்பக்கச் சிவப்பு லைட்டும் அவசியம்.

மழை: ஐபிஎக்ஸ்4 என்றால் நீர்த்தெறிப்பைத் தாங்கும்.

அளவு: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தலையை ஆட்டினால் நழுவக் கூடாது.

உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்கும், அதுவும் ஒரே ஒரு தடவை. விழுந்து பலமாக அடிபட்ட பிறகு பாட்டு கேட்டாலும் லைட் எரிந்தாலும், ஹெல்மெட்டை மாத்திடுங்க.